மலைப்படமும் மக்கள் நோக்கும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிரமிடு ஏரி என்றோர் ஏரி உண்டு. அதன் கரையை ஒட்டி, நீருக்குள்ளிருந்து கூம்பு கூம்பாகச் சுண்ணப் பாறைகள் எழுந்து நிற்கின்றன. 1867-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்க நில ஆய்வுப் பயணம் ஒன்றில் உடன் சென்ற டிமதி ஓசல்லிவன் என்ற புகைப்படக்காரர் அப்பாறைகளைப் படம் பிடித்தார். ஆய்வுக் குழுவின் தலைவர் கிளாரன்ஸ் கிங் என்ற நிலவியல் அறிஞர். பாறை எவ்வகையைச் சார்ந்தது, அது எப்படி உருவாயிற்று என்பன போன்ற கேள்விகளுக்குச் சான்றாகவே படம் தேவைப்பட்டது. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கு அன்று.

1878-ல் கிங் வெளியிட்ட நிலவியல் நூலில் அப்படம் கல்லச்சு ஓவியமாக மாற்றப்பட்டு இடம்பெற்றது. மாற்றிய ஓவியர், வெறுமையாகக் கிடந்த வானத்தில் மேகங்களைத் திரட்டி வைத்தார். நீரில் சிற்றலைகளை ஓடவிட்டார். மங்கலாயிருந்த எதிர்க்கரைக்குத் திருத்தமான வடிவம் கொடுத்தார். அந்த நூலின் வாசகருக்கு இந்த ஓவியமே பயனுள்ளதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. 1937-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படக் கலையின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தபோது, நில ஆய்வுக் காலத்து ஓசல்லிவன் படங்கள் கலைப்பொருள் என்ற தகுதியுடன் அங்கே வந்து அமர்ந்தன. வெற்று வானமே அவற்றின் சிறப்பு என்று பேசப்படும் காலமும் பின்னால் வந்தது. 1982-ல் ரோசலிண்ட் கிராஸ் என்ற திறனாய்வாளர், ஏரிப் பாறைகளின் புகைப்படத்தையும் பழைய கல்லச்சு ஓவியத்தையும் அருகருகே வைத்து, நிலவியல் அலமாரியில் பிறந்த படத்தை அருங்காட்சியகச் சுவருக்கு மாற்றியது யார், எந்த உரிமையில் மாற்றினார்கள் என்று கேட்டார்.

ஒரே படத்துக்கு இத்தனை பிறவிகளா என்ற வியப்பில்தான் நான் இப்பொருளைப் படிக்கத் தொடங்கினேன். படம் மாறவில்லை, பார்ப்பவர்தான் மாறினார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இயற்பியல் படிக்கும் ஒருத்திக்கு அந்த விடை போதவில்லை. சில படங்கள் உண்மையிலேயே மாறியிருக்கின்றன. அதற்கு முன்னால் அந்த வெற்று வானத்தின் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

வானம் ஏன் வெளுத்தது?

1851-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடங்கள்தாம் கெடு. ஆகையால் மலைக்குப் படமெடுக்கப் போனவர்கள் காமிராவோடு இருட்டுக் கூடாரத்தையும், கண்ணாடித் தகடுகளையும், இரசாயனக் குப்பிகளையும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவுமே கண்ணில் படும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய இருட்டு. வானமோ நீலம். பாறையும் மரமும் பதிவதற்குத் தேவையான நேரம் வெளிச்சம் காட்டினால், அதற்குள் வானம் வேண்டிய அளவுக்கு மேல் பதிந்து வெள்ளைத் தாளாகிவிடும். ஓசல்லிவன் படங்களின் வெற்று வானத்தைத் தனிமையின் குறியீடு என்று இன்று எழுதுகிறார்கள். எழுதட்டும். அதற்கு முதற்காரணம் வெள்ளி அயோடைடின் குணம் என்பதையும் ஓரத்தில் குறித்துவைப்பது நல்லது.

அக்காலத்து மக்களில் பலருக்கு வெள்ளை வானம் குறையாகவே பட்டது. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே, 1856-57 ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு வேறொரு நெகடிவும் பயன்படுத்தி ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய கடற்படங்கள் லண்டனில் பெரும் வரவேற்பைப் பெற்றன. நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 இறுதியிலும் 1858-லும் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். மெழுகு தோய்த்த தாள் நெகடிவே அவர் கையாண்டது. அந்த நெகடிவின் பின்புறத்தில் வண்ணம் தீட்டி, வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலைச் செறிவையும் அவரே வரைந்து சேர்த்தார். மதுரை வானத்தில் 1858-ல் மிதக்கும் சில மேகங்கள் கேப்டன் டிரைப்பின் தூரிகையில் பிறந்தவை!

இன்று "எந்தத் திருத்தமும் செய்யாத படம்" என்று சொல்வதில் நமக்கொரு பெருமை இருக்கிறது. நம் கையிலுள்ள செல்பேசி, ஒருமுறை பொத்தானைத் தொட்டால் வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் நிலத்தை ஒன்றிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்துத் தருகிறது. லெ கிரே செய்த அதே வேலைதான். அவர் தெரிந்து செய்தார். நாம் தெரியாமல் செய்கிறோம்.

பள்ளத்தாக்கும் சுரங்கமும்

இனி யோசெமிட்டிக்கு வருவோம். கலிபோர்னியாவின் மலைப் பகுதியில் உள்ள இப்பள்ளத்தாக்கை 1861-ல் கார்ல்ட்டன் வாட்கின்ஸ் படம் பிடித்தார். அவருடைய தகடு 18 அங்குலம் அகலம், 22 அங்குலம் நீளம். அத்தகைய பெருந்தகடுகளில் முப்பது படங்களும், இரட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும் சிறு படங்கள் நூறும் எடுத்தார். 1862-ல் நியூயார்க் நகரக் கலைக்கூடம் ஒன்றில் அவை காட்டப்பட்டன. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. செய்தித்தாளைத் திறந்தால் சாவுக் கணக்கு. அத்தகைய நாளில், தம் நாட்டின் மறுகோடியில் இப்படியோர் அமைதி இருக்கிறது என்று மக்கள் அப்படங்களில் கண்டார்கள். 1864 ஜூன் 30 அன்று அதிபர் லிங்கன், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்காகக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். லிங்கன் அந்த இடத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. நேரில் காணாத நிலத்தைக் காப்பாற்றச் சட்டம் இயற்றுவது என்பது, படம் என்ற ஒன்று இருந்ததால் எளிதாகிய காரியம் எனலாம்.

அதே வாட்கின்ஸ், அதே பெருந்தகடுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு பாதரசச் சுரங்கத்துக்கும் போனார். தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்துத் தங்கம் எடுத்த இடங்களுக்கும் போனார். அந்தப் படங்களும் அழகாகவே இருக்கின்றன. இன்று நமக்குக் கரைந்த மலையைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. அன்று பணம் கொடுத்து அப்படத்தை எடுக்கச் சொன்னவருக்கு அது முன்னேற்றத்தின் சின்னம். காக்க வேண்டிய மலைக்கும் கரைக்க வேண்டிய மலைக்கும் அவர் தனித்தனிப் பாணி வைத்துக்கொள்ளவில்லை. இதை நான் அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. தொழில் செய்பவர் கேட்ட வேலையைச் செய்கிறார். 1906-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஏற்பட்ட நிலநடுக்கத்திலும் தீயிலும் அவருடைய கூடமும் நெகடிவ்களும் அழிந்தன. 1916-ல் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். அவர் பெயர் கலை வரலாற்றில் நிலைபெற்றது அதற்கும் வெகுகாலம் பின்னர்.

கறுத்த வானம்

இதே பள்ளத்தாக்கில் ஹாப் டோம் என்றொரு பெரும்பாறை உண்டு. மொட்டைத் தலையை நடுவில் வெட்டி ஒரு பாதியை எடுத்துவிட்டாற்போல் ஒருபுறம் செங்குத்தாக நிற்கும். 1927 ஏப்ரல் 10 அன்று, இருபத்தைந்து வயதான ஆன்சல் ஆடம்ஸ் அதன் எதிரே போய் நின்றார். மிச்சமிருந்த தகடுகள் இரண்டே இரண்டு. முதல் தகட்டை மஞ்சள் வடிகட்டிக் கண்ணாடி போட்டு எடுத்தார். எடுத்த பின், தாம் உணர்ந்த பிரமாண்டம் இதில் வராது என்று தோன்றியது. கடைசித் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. ஆகவே வானம் ஏறக்குறையக் கறுப்பாயிற்று. கறுத்த வானத்தின் எதிரே பாறை எழுந்து நின்றது.

நண்பர்களே, இதைச் சற்று நின்று பாருங்கள். வாட்கின்ஸ் படத்தில் யோசெமிட்டி வானம் வெள்ளை. ஆடம்ஸ் படத்தில் அதே வானம் கறுப்பு. இரண்டுக்கும் காரணம் வானம் நீலமாக இருப்பதுதான். நீலத்தை மட்டுமே காணும் தகட்டில் வெளுத்தது. நீலத்தைத் தடுக்கும் கண்ணாடியின் வழியே கறுத்தது. நம் கண் காணும் வானம் இரண்டிலும் இல்லை. ஆனால் 1861-ஆம் ஆண்டுப் படத்தை உண்மை ஆவணம் என்றும், 1927-ஆம் ஆண்டுப் படத்தைக் கலை என்றும் பிரித்து வைத்தார்கள்.

ஆடம்ஸ் 1938-ல் வெளியிட்ட சியரா நெவாடா மலைப்படத் தொகுப்பு அதிபர் ரூஸ்வெல்டின் பார்வைக்குப் போயிற்று. 1940-ல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாயிற்று. அதே காலத்தில், உலகம் பொருளாதார மந்தத்திலும் போர் அச்சத்திலும் தவிக்கையில் இவர்கள் கல்லையும் மரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரசோன் குறைப்பட்டதாகவும் சொல்வார்கள். ஆளில்லாத படத்துக்கு அப்போதே எதிர்ப்பும் இருந்தது.

படமே மாறியதற்குச் சான்று தருவதாகச் சொன்னேன். நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவெழும் காட்சி ஆடம்சின் படங்களில் மிகுந்த புகழ்பெற்றது. அந்தி வெயில் கல்லறைச் சிலுவைகளை விட்டு விலகும் தறுவாய். ஒளிமானியைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று அவர் மனத்தில் இருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டு எடுத்தார். மறு தகட்டைத் திருப்புவதற்குள் வெயில் போய்விட்டது. முதலில் அவர் போட்ட அச்சுகளில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகங்கள் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். 1948-ல் நெகடிவின் கீழ்ப்பகுதியை இரசாயனத்தால் செறிவூட்டவும் செய்தார். நெகடிவை இசைக்குறிப்பு என்றும் அச்சைக் கச்சேரி என்றும் ஒப்பிட்டவர் அவர். ஆகவே அந்த நிலவு பல முறை பாடப்பட்டது. அழுத்தம் மிகுந்த பிற்காலத்து அச்சையே மக்கள் அதிகம் அறிந்திருக்கிறார்கள்.

எந்த நாளில் எடுத்தோம் என்பதை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை. வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு ஆண்டைச் சொன்னார். நிலவின் இடத்தையும் மலைகளின் அமைப்பையும் கொண்டு வானியலார் கணக்குப் போட்டார்கள். 1991-ல் டென்னிஸ் டி சிக்கோ என்பவர் முடிவாகக் கண்டது: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். கலைப்படம் என்று சுவரேறிய ஒன்று மீண்டும் அளவைக் கருவியாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் சில நூறு டாலருக்குக் கிடைத்த இந்த அச்சு, 1981-ல் 71,500 டாலருக்கும் 2006-ல் ஆறு லட்சம் டாலருக்கு மேலும் ஏலம் போயிற்று. இடையில் 1979-ல் டைம் வார இதழின் அட்டையில் ஆடம்சின் முகம் வந்தது. மலைப்படக்காரர் மக்கள் நாயகராகிவிட்ட காலம்.

ஆட்கள் எங்கே?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தை கல்குவாரித் தொழிலாளி. 2012-ல் மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகள் மூடப்பட்ட பிறகு கட்டட வேலைக்கு மாறினார். தாய் நூறு நாள் வேலைக்கும், களையெடுக்கவும் புல்லறுக்கவும் போகிறவர். இக்கட்டுரைக்காகக் கல்லூரிக் கணினி அறையில் அச்செடுத்த வாட்கின்ஸ், ஆடம்ஸ் படங்களை ஒருநாள் இரவு வீட்டில் பரப்பி வைத்திருந்தேன்.

தந்தை ஹாப் டோமைக் கையில் எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "வெடி வச்ச கல்லு இல்ல இது. தானாப் பொளந்திருக்கு. நெடுக ஒரே பொளவா வந்திருக்கு பாரு" என்றார். நிலவியல் நூல்கள் சொல்வதும் அதுவே. செங்குத்துப் பிளவுகளின் வழியே பாறை கழன்று விழுந்துதான் அந்த முகம் உருவாயிற்று. கிளாரன்ஸ் கிங் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்பது எனக்கு அப்போது விளங்கியது. தந்தைக்குப் படத்தில் வானம் ஒரு பொருட்டே இல்லை.

தாய் பார்த்தது வாட்கின்ஸ் எடுத்த ஆற்றோரப் புல்வெளியை. "ஏத்தா, இதுல ஆளே இல்லையே. ஆளில்லாத படத்தை எதுக்கு எடுத்தாக?" என்று கேட்டவர், சற்றுக் கழித்து, "ஆளில்லாத எடம் மாதிரியும் தெரியலையே, திருத்தி வச்ச வெளி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

இந்தக் கேள்வியை அறிஞர் உலகம் உரத்துக் கேட்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. யோசெமிட்டி ஆளில்லாத காடன்று. அவானீச்சி என்ற பழங்குடியினர் அங்கே வாழ்ந்தார்கள். தங்க வேட்டைக்கு வந்தவர்களின் பொருட்டு 1851-ல் மரிப்போசா பட்டாளம் பள்ளத்தாக்கினுள் புகுந்து அவர்களை விரட்டியது. குடியிருப்புகளையும் சேமித்து வைத்த உணவையும் எரித்தது. வாட்கின்ஸ் காமிராவோடு வந்தது அதற்குப் பத்தே ஆண்டுகள் கழித்து. விரட்டப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்து ஒரு மூலையில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடைசிக் குடியிருப்பும் 1969-ல் அகற்றப்பட்டது. ஆற்றோரத்துத் திறந்த வெளிகளோ, அவர்கள் புல்லையும் புதரையும் முறைவைத்து எரித்துப் பேணி வந்தவை. எரிப்பது நின்றபின் ஊசியிலை மரங்கள் அடர்ந்து, பழைய படங்களில் தெரியும் காட்சிகள் சில இன்று மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மனிதன் கைபடாத இயற்கை என்று லட்சக்கணக்கானோர் போற்றிய படத்தில் இருப்பது, பெயர் தெரியாத பலரின் கைவேலை. வில்லியம் குரோனன் என்ற வரலாற்றாசிரியர் 1995-ல் எழுதிய கட்டுரையில், கைபடாத காடு என்ற எண்ணமே மனிதர் உண்டாக்கிக்கொண்டது என்று வாதித்தார். அதற்குப் பிறகு இத்தகைய படங்களைப் பழைய களங்கமற்ற கண்ணோடு பார்ப்பது பலருக்கு இயலாமற் போயிற்று.

வெறுமைக்கு இயற்பியல் காரணமும் ஒன்றுண்டு. பழைய தகட்டுக்குப் பல நொடிகளோ நிமிடங்களோ வெளிச்சம் காட்ட வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர் பதிய மாட்டார். 1838-ல் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றை டாகேர் எடுத்த படத்தில், வண்டியும் கூட்டமும் மறைந்து தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. செருப்புக்கு மெருகு போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஆகவே ஆளில்லாத பழைய படம் எதைப் பார்த்தாலும், ஆள் அங்கே இல்லையா, ஓடினாரா, விரட்டப்பட்டாரா, அல்லது நகர்ந்துகொண்டிருந்தாரா என்று நான்கையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அழகில்லாத படங்கள்

1975 அக்டோபரில் அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் ஒரு கண்காட்சி திறந்தது. வில்லியம் ஜென்கின்ஸ் அமைத்தது. மனிதன் மாற்றிய நிலக்காட்சி என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். பத்துப் பேர் கலந்துகொண்டார்கள். கொலராடோ மலையடியில் பெட்டி பெட்டியாக முளைத்த புதுக் குடியிருப்புகளை ராபர்ட் ஆடம்ஸ் எடுத்திருந்தார் (ஆன்சலுக்கு உறவில்லை). ஜன்னலற்ற தொழிற்கூடச் சுவர்களை லூயிஸ் பால்ட்ஸ் எடுத்திருந்தார். ஜெர்மனியின் பெக்கர் தம்பதியர் நிலக்கரிச் சுரங்கக் கட்டடங்களை எடுத்திருந்தார்கள். ஆடம்சின் நிலவைக் கண்டு பழகிய கண்ணோடு வந்தவர்களில் பலருக்கு எரிச்சலும் சலிப்புமே மிஞ்சின. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பதே பொதுவான பேச்சு. 2009-ல் அதே கண்காட்சியை மீண்டும் கூட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகக் கொண்டு சென்றபோது, அது வரலாற்றுச் சிறப்புடையது என்று மரியாதையோடு வரவேற்கப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் உலகமே அந்தப் படங்களைப் போல் ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குக் கேட்டால், அந்தப் படங்களை மதிக்கிறேன். அறையில் மாட்டிக்கொள்ள ஆடம்ஸ்தான் வேண்டும்.

மறுபடியும் அதே இடத்தில்

1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் நண்பர்களும் ஒரு புதுமையான வேலையில் இறங்கினார்கள். ஓசல்லிவன் முதலானோர் நின்ற அதே இடத்தில், அதே பருவத்தில், அதே வேளையில் நின்று மீண்டும் படமெடுப்பது. நூற்றிருபதுக்கு மேற்பட்ட இடங்கள். நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அருகிலுள்ள ஒரு பாறையும் தொலைவிலுள்ள ஒரு முகடும் பழைய படத்தில் எப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றனவோ, அப்படியே தெரியும்வரை நகர வேண்டும். நாம் ஆய்வகத்தில் ஊசிகளை வைத்துச் செய்யும் இடமாறு தோற்றப் பிழைச் சோதனையேதான். அப்படி நின்று பார்த்தபோது, 1869-ல் யூட்டா மாநிலத்துப் பாறைகளை எடுக்கையில் ஓசல்லிவன் காமிராவையே சாய்த்து வைத்திருந்தது வெளிப்பட்டது. தொடுவானத்தை நேராக்கினால் பாறைகள் சாய்கின்றன. அரசாங்க ஆவணம் என்று நூறாண்டு நம்பப்பட்ட படத்தில் எடுத்தவரின் விருப்பமும் இருந்தது.

இந்த முறை இன்று விஞ்ஞானிகள் கையில் பெரிய கருவி. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941 ஆகஸ்ட் 13 அன்று வில்லியம் பீல்டு படம் பிடித்தார். 2004 ஆகஸ்ட் 31 அன்று புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்று எடுத்தார். முன்னதில் பனிச்சுவர், பின்னதில் திறந்த நீர்ப்பரப்பு, கரையில் செடிகொடி. பனியாறு 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, 800 மீட்டருக்கு மேல் கனம் குறைந்திருந்தது. ஆறு பின்வாங்கியதைச் சொல்லாமல் காட்டினால், இரண்டாவது படமே அழகு என்று பலர் தேர்ந்தெடுப்பார்கள். பசுமை அதில்தான் இருக்கிறது. இரண்டையும் தேதியோடு சேர்த்துக் காட்டினால் முகம் மாறிவிடுகிறது. தனியாகப் பார்த்தவரையில் 1941-ஆம் ஆண்டுப் படம் ஒருவரையும் வருந்தச் செய்திராது.

டிரைப் 1858-ன் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் எடுத்த படங்களுள் ஒன்று யானைமலையை அதன் ஒரு முனையிலிருந்து காட்டுவது. கோயில்களையும் மண்டபங்களையும் பதிவு செய்ய வந்தவர் இந்த மொட்டைப் பாறைக்கும் ஒரு தாளைச் செலவிட்டார். செலவு மிகுதி என்று 1859-ல் புதிய கவர்னர் டிரெவிலியன் அவர் வேலையை நிறுத்தச் சொன்னார் என்பது வேறு கதை. அந்தப் படம் வெகுகாலம் நூலகங்களிலும் சேகரிப்புகளிலும் அடங்கிக் கிடந்தது. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் டிரைப்பின் படங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது. அதற்குச் சற்று முன்னால், 2010-ல், யானைமலையைக் குடைந்து சிற்பப் பூங்கா அமைக்கும் திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நிறுத்தியிருந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர் எவரும் இப்போது அந்த மலையின் பழைய படத்தைப் பார்த்தால் முதலில் தேடுவது அழகையன்று. அன்றிருந்த உருவம் இன்றும் அப்படியே இருக்கிறதா என்பதைத்தான்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைப் படத்தின் அச்சை எடுத்துக்கொண்டு தந்தையுடன் யானைமலைக்குப் போனேன். கிளெட் சொன்ன முறைப்படி அருகிலொன்று தொலைவிலொன்று என்று பொருத்திப் பார்க்க முயன்றேன். அருகிலிருந்தவை வீடுகளாகவும் மின்கம்பிகளாகவும் மாறியிருந்தன. தந்தை மலையின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு, வரப்பில் நாற்பது ஐம்பது அடி வடக்கே நகர்ந்து, "இங்கின வா" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து மலையின் விளிம்பு படத்தோடு பொருந்தியது. செல்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தேன். பிறகு பாறையடிவரை நடந்தோம். ஓரிடத்தில் வரிசையாக ஏழெட்டுச் சிறு குழிகள். ஆப்பு இறக்குவதற்கு உளியால் போட்டவை, பிளக்காமல் விட்டவை. குழியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய குழி, தம் பாட்டன் காலத்தது அல்லது அதற்கும் முந்தியது என்று தந்தை சொன்னார். டிரைப் வந்தபோது இவை இருந்தனவா என்று அச்சை வெயிலில் பிடித்துத் தேடினோம். அந்த இடம் படத்தில் கரும்புள்ளியாக இருக்கிறது.